மேனி நலம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் பேசப்படுகிறது. இவ்வாண்டு உடல்நலம் பற்றியும் ஒருவர் பேசட்டும் என்று செயற்குழுவினர் கருதினர். மருத்துவர் ஒருவரை அழையாமல், ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் நம்மை அழைத்தது ஏன் என்று நீங்கள் வியக்கலாம். நம் படிப்பு மெட்ரிகுலேஷனோடு நின்றுவிட்டது. மருத்துவம் நமக்குத் தொழிலன்று. எனினும், தோலைப் பற்றி நாம் கற்ற பாடம் ஒன்று உண்டு. அது நூலில் கற்றதன்று. நம் வீட்டில், நம் அறியாமையால், நம் மகளின் முகத்தில் கற்றது. அவளுடைய இசைவைப் பெற்ற பின்னரே அதனை இங்குச் சொல்லத் துணிந்தோம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், மழைக்காலத்தில், நமக்கு இடுப்பில் படர்தாமரை கண்டது. மருத்துவமனைக்குச் சென்றால் அரை நாள் விடுப்பு எடுக்க வேண்டும். எனவே தெருமுனை மருந்துக் கடையில் கேட்டோம். கடைக்காரர் ஒரு களிம்புக் குழாயை எடுத்துக் கொடுத்தார். மருத்துவர் சீட்டு எங்கே என்று அவரும் கேட்கவில்லை. உள்ளே என்ன மருந்து என்று நாமும் கேட்கவில்லை. இரண்டே நாளில் அரிப்பு அடங்கியது. களிம்பை நிறுத்தினோம். இரண்டு வாரத்தில் படர்தாமரை முன்னிலும் பெரிதாக மீண்டது. மறுபடியும் வாங்கினோம். இப்படியே நான்கு குழாய்கள் தீர்ந்தன. இதற்குள் இல்லத்தரசிக்கும் மகனுக்கும் அது பரவிவிட்டது. பாதி தீர்ந்த ஐந்தாவது குழாய் அலமாரியில் கிடந்தது.

அவ்வாண்டு கோடை விடுமுறையில் ஒரு திருமணத்திற்காக ஊருக்குச் சென்றிருந்தோம். நம் தமக்கையார், நம் மகளைக் கண்டதும், "ஏன்டி இப்படிக் கறுத்துப் போனாய்? உன்னை எப்படிக் கட்டிக் கொடுப்பது?" என்றார். நாமும் சிரித்துக்கொண்டே, "நாக்பூர் வெயில் அப்படி, அக்கா" என்றோம். நாம் சிரித்தோம்; அவள் சிரிக்கவில்லை. அதனை அப்போது நாம் கவனிக்கவில்லை.

அந்தக் களிம்பு பட்ட இடத்தில் தோல் வெளுக்கிறது என்பதை அவள் அலமாரிக் குழாயிலிருந்து அறிந்துகொண்டாள். ஆறு மாத காலம் இரவுதோறும் முகத்தில் தடவினாள். முதலில் முகம் வெளுத்தது. வீட்டில் அனைவரும் பாராட்டினோம். பிறகு கன்னம் சிவந்தது. வெயிலில் இறங்கினால் நெருப்புப் பட்டாற்போல் எரிந்தது. பருக்கள் கொப்பளித்தன, கன்னத்தில் மயிர் அரும்பியது. பதினேழு வயதுப் பெண் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு கல்லூரிக்குச் சென்றாள். பல நாள் செல்லவுமில்லை. அரசு மருத்துவமனையின் தோல்நோய் மருத்துவ அம்மையார் குழாயைப் பார்த்ததும், "இதில் ஸ்டீராய்டு இருக்கிறது, இதை வாங்கியது யார்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நாம் சொல்ல வேண்டியிருந்த விடை, நம் வாழ்நாளில் சொன்ன கசப்பான விடைகளுள் ஒன்று.

அன்று தொடங்கித் தோலைப் பற்றிப் படித்தோம், அறிந்தோரிடம் கேட்டோம். அவற்றை உங்கள்முன் வைக்கிறோம்.

தோல் என்பது வெறும் போர்வை அன்று. இதயம், ஈரல் போல அதுவும் ஓர் உறுப்பே. வளர்ந்த மனிதரின் தோலை விரித்தால் ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் பரப்பு வரும். அதன் மேல்புறம் ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது. அடியில் பிறக்கும் நுண்ணறைகள் மெல்ல மெல்ல மேலேறி, ஏறத்தாழ நான்கு வாரத்தில் உதிர்கின்றன. ஆகவே இன்று நாம் உண்பதும், உறங்குவதும், தடவுவதும் நாளை மறுநாளே முகத்தில் தெரிந்துவிடா. வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும். மூன்றே நாளில் முகம் மாறும் என்று எவர் சொன்னாலும் அவரை ஐயுறுதல் நலம்.

தோலின் மேலடுக்கைச் செங்கற் சுவருக்கு ஒப்பிடலாம். உலர்ந்த நுண்ணறைகள் செங்கற்கள்; அவற்றிடையே உள்ள கொழுப்புப் பொருள் சாந்து. சாந்து நன்றாயிருந்தால் உள்ளிருக்கும் நீர் வெளியேறாது. வெளியிலுள்ள கிருமியும் தூசியும் உட்புகா. சாந்து கரைந்தால் சுவர் வெடிக்கும். பித்தவெடிப்பும் குளிர்கால அரிப்பும் அவ்வாறு வருவனவே.

நம்மில் பலர் கடற்கரை மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அங்கே காற்றிலேயே ஈரம் உண்டு. இங்கோ, மே மாதத்தில் வெப்பம் 45 டிகிரியைத் தாண்டும்; காற்றில் ஈரம் அற்றுப்போகும். மார்கழி, தைத் திங்களில் குளிரும் வறட்சியும் கூடி வரும். ஊரில் செய்தவற்றையே இங்கும் மாற்றமின்றிச் செய்தால் தோல் தாங்காது. குளிருக்கு அஞ்சிக் கொதிக்கக் கொதிக்க நீர் வார்த்துக்கொள்கிறோம். உடலெங்கும் சோப்பைத் தேய்க்கிறோம். இரண்டும் சுவரின் சாந்தைக் கரைப்பவை. வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளித்தல் வேண்டும். அக்குள், கவட்டி, கால் ஆகிய இடங்களுக்குச் சோப்பு போதும். பிறகு துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் முற்றும் உலருமுன் சில துளி தேங்காயெண்ணெயைத் தடவ வேண்டும்.

சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு நம் மரபு. அதனை விட வேண்டியதில்லை. ஆனால் எண்ணெயை உடம்பெங்கும் தேய்த்துவிட்டுச் சீயக்காயால் அவ்வளவையும் வழித்தெடுத்துவிட்டால், இந்த வறண்ட ஊரில் தோலுக்கு எஞ்சுவது சிறிதே. குளிக்குமுன் தேய்க்கும் உழக்கு எண்ணெயைக் காட்டிலும், குளித்தபின் தடவும் அரைக் கரண்டி எண்ணெய் வறண்ட தோலுக்கு மிகுந்த நன்மை செய்யும்.

இனி உணவுக்கு வருவோம். வள்ளுவர் மருந்து என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அதில் ஒரு மருந்தின் பெயரும் இல்லை. உணவின் அளவையே அவர் பெரிதும் பேசுகிறார். அதன் உண்மையைத் தோல் நன்கு காட்டும்.

இப்பகுதியில் சோள ரொட்டியை, அதாவது ஜ்வாரி பாக்ரியை, விரும்பி உண்கிறார்கள். நல்ல உணவுதான். ஆனால் முற்காலத்தில் தக்காணத்து ஏழை மக்களுள் சிலர் வேறொன்றும் கிடைக்காமல் சோளத்தையே நம்பி வாழ்ந்தனர். அவர்களுக்குக் கழுத்திலும் கைகளிலும் வெயில் படும் இடமெல்லாம் தோல் கறுத்துத் தடித்து உரிந்தது, வயிற்றுப்போக்கு உண்டாயிற்று, மனமும் கலங்கிற்று. பெல்லாக்ரா என்பது அந்நோய். நயாசின் என்னும் பி வகை வைட்டமின் போதாமையால் வருவது. மக்காச்சோளம் உண்ட அமெரிக்க ஏழைகளிடையே இந்நோயை ஆராய்ந்து, இது தொற்றுநோயன்று, உணவுக் குறையே என்று 1914-க்குப் பின் நிலைநாட்டியவர் கோல்ட்பர்கர் என்னும் மருத்துவர். நம் நாட்டில் சோளம் உண்போரிடம் இதனை ஆராய்ந்து 1960-இல் உலகறியச் செய்தவர்களுள் முதன்மையானவர் டாக்டர் சி. கோபாலன். அவர் 1918-இல் சேலத்தில் பிறந்த தமிழ்நாட்டவர் என்பது நமக்குப் பெருமை. அவர் தலைமை தாங்கிய ஐதராபாத் தேசிய உணவூட்ட நிலையமும், 1918-இல் நம் குன்னூரில் ஒரு சிறு ஆய்வறையாகத் தொடங்கியதே.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டியது யாது? சோளத்தை விடுங்கள் என்பதன்று; எந்த ஒரு தானியத்தையும் தனியே நம்பாதீர்கள் என்பதே. பாக்ரியுடன் பருப்பும், ஒரு பிடி வேர்க்கடலையும், கீரையும், மோரும் சேர்ந்தால் அது நிறைந்த உணவு. வேர்க்கடலையில் நயாசின் மிகுதி. சோற்றையும் குழம்பையும் மட்டுமே உண்டு நாளைக் கழிக்கும் நமக்கும் இவ்வறிவுரை பொருந்தும்.

சில குழந்தைகளின் முழங்கையிலும் முழங்காலிலும் முள் முள்ளாகத் தோல் சொரசொரத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தேரையின் தோல் என்று பொருள்படும் பெயரை மருத்துவர்கள் அதற்கு இட்டுள்ளனர். நல்ல எண்ணெய்ச் சத்தும், ஏ வைட்டமினும், பி வகை வைட்டமின்களும் குறைவதனோடு அது தொடர்புடையது. பிள்ளை அழுக்காயிருக்கிறான் என்று பீர்க்கங்கூட்டால் தேய்ப்பதில் பயனில்லை. அவன் தட்டில் இருப்பதைப் பார்க்க வேண்டும். முருங்கைக்கீரை, பப்பாளி, காரட், முட்டை ஆகியவை ஏ வைட்டமினுக்கு உதவும். கீரையில் சிறிது எண்ணெய் விட்டுத் தாளித்தால்தான் அச்சத்து உடலில் நன்கு சேரும். இவ்வூரார் ஜவஸ் என்னும் ஆளிவிதையைப் பொடித்துச் சட்னி செய்கிறார்கள். அதில் உடலே ஆக்கிக்கொள்ள இயலாத ஒரு நல்ல கொழுப்பு உண்டு. அண்டை வீட்டாரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். இட்லிக்கும் அது பொருந்தும்.

தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் புரதம். அதனை உடல் ஆக்குவதற்கு சி வைட்டமின் வேண்டும். அது அறவே அற்றால் ஈறுகளில் குருதி கசியும்; ஆறிய புண்ணும் பிளக்கும். ஆரஞ்சுக்குப் பேர்பெற்ற நகரில் வாழ்கிறோம். பருவத்தில் நாளுக்கு ஒன்றிரண்டு உண்பது எளிது. பருவமில்லாதபோது கொய்யா உண்டு. 100 கிராம் கொய்யாவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் சி வைட்டமின் இருக்கிறது. ஒரு நாள் தேவைக்கு அது மிகையே. விலையுயர்ந்த புட்டிகளை நாட வேண்டியதில்லை.

இளைஞர்கள் முகப்பருவைப் பற்றிக் கேட்பார்கள். சர்க்கரையும் மைதாவும் போல, குருதியில் சர்க்கரையை விரைந்து ஏற்றும் உணவுகள் பருவை மிகுவிக்கும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இனிப்புக் குடிநீர்களையும் பேக்கரிப் பண்டங்களையும் குறைத்துப் பார்க்கலாம். பருவைக் கிள்ளுதல் கூடாது, வடு நிற்கும். வடு விழுமளவு பெருகினால் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இன்னொன்று. பலருக்குப் பிடரியிலும் அக்குளிலும் தோல் கறுத்து, வெல்வெட்டுத் துணி போல் தடித்திருக்கும். அழுக்கு என்று எண்ணிப் பிள்ளைகளின் கழுத்தைச் சிவக்கச் சிவக்கத் தேய்க்கும் தாய்மார் உண்டு. பெரும்பாலும் அது அழுக்கன்று. உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யவில்லை என்பதற்கு அடையாளம். நீரிழிவு பின்னால் வரக்கூடும் என்று தோல் முன்கூட்டி அனுப்பும் தந்தி அது. நாள்தோறும் நடந்து, எடையைக் குறைத்து, குருதியைச் சோதித்துக்கொள்வதே அதற்கு மருந்து.

நீர் நிரம்பக் குடித்தால் தோல் பளபளக்கும் என்பர். அது மட்டும் வறண்ட தோலை மாற்றிவிடாது. எனினும் இவ்வூர்க் கோடையில் நீர் குறைந்தால் உயிருக்கே இடர். மோரும் நீராகாரமும் நமக்குப் புதியவை அல்ல. நண்பகலில் வெளியே செல்வோர் இவ்வூரார் போல் வெண்பருத்தித் துணியால் தலையையும் முகத்தையும் மூடிச் செல்க. புகையிலையை விடுக, புகை தோலுக்குச் செல்லும் குருதிக் குழல்களைச் சுருக்கி, காலத்திற்கு முன்பே சுருக்கம் விழச் செய்யும். இரவுப் பணி செய்யும் நம் ரயில்வே அன்பர்கள் பகலில் இருட்டறையில் ஏழு மணி நேரமேனும் உறங்குக.

மழைக்காலப் படர்தாமரையைப் பற்றி, பட்டறிந்தவர் என்ற முறையில் சொல்லுகிறோம். அது பூசணத்தால் வருவது. ஈரமும் வியர்வையும் இறுக்கமான உடையும் அதற்கு விருந்து. தளர்ந்த பருத்தி உடை அணிக. ஒவ்வொருவர்க்கும் தனித் துண்டு வேண்டும். உள்ளாடைகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துக. வீட்டில் எவரெவர்க்கு இருக்கிறதோ அவரனைவரும் ஒரே காலத்தில் மருத்துவம் செய்துகொள்க. அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தாமல், மருத்துவர் சொன்ன நாள்வரை தொடர்க. ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கும். ஆனால் பூசணத்தை வளர்க்கும். அதனால்தான் நான்கு குழாய்கள் தீர்ந்தும் நம் நோய் தீரவில்லை. ஸ்டீராய்டு நஞ்சன்று, தக்க நோய்க்கு, தக்க அளவில், தக்க நாள்வரை மருத்துவர் தரும்போது அது அருமருந்து. 2018-ஆம் ஆண்டிலேயே நடுவண் அரசு இத்தகைய ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று விதித்திருக்கிறது. ஆயினும் கேட்பவர் இருக்கும்வரை கொடுப்பவரும் இருப்பர். கேட்காதிருத்தல் நம் கையில் உள்ளது.

உடலில் வெளிறிய திட்டு ஒன்று கண்டால் பலர் அஞ்சி மறைக்கிறார்கள். பால்போல் வெளுத்த வெண்புள்ளி தொற்றாது, அது குட்டமன்று, மீனையும் தயிரையும் சேர்த்துண்டதால் வந்ததுமன்று. உடலின் காப்பு ஆற்றலே நிறமூட்டும் நுண்ணறைகளைத் தாக்குவதால் வருவது. ஆனால் திட்டில் உணர்ச்சி மரத்திருந்தால் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அது தொழுநோயாயிருக்கலாம். அதற்கு மருந்து இலவசம். 6 மாதமோ 12 மாதமோ உண்டால் நோய் தீரும். மருந்து தொடங்கிய சில நாளிலேயே பிறர்க்குப் பரவும் ஆற்றல் நீங்கும். காலந்தாழ்த்தினால்தான் கையும் காலும் ஊனமுறும். நமக்கு அண்மையிலுள்ள சேவாகிராமத்தில் காந்தியடிகள், தொழுநோயுற்ற வடமொழி அறிஞர் பர்ச்சுரே சாஸ்திரியாருக்குத் தம் கையால் பணிவிடை செய்தார். வரோராவில் 1949-இல் பாபா ஆம்தே தொடங்கிய ஆனந்தவனமும் தொலைவில் இல்லை. அத்தகைய மண்ணில் வாழும் நாம், ஒரு திட்டை மறைத்து வாழ்வது முறையாகுமா?

இறுதியாக நிறத்தைப் பற்றி. வெண்ணிற மக்களுக்கும் கருநிற மக்களுக்கும் நிறமூட்டும் நுண்ணறைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. அவை ஆக்கும் மெலனின் என்னும் நிறப்பொருளின் அளவும் வகையுமே வேறு. வெயிலின் புறஊதாக் கதிர்களிடமிருந்து அது நுண்ணறைகளைக் காக்கிறது. கருமை என்பது நம் முன்னோர் வெயில்நாட்டில் வாழ்ந்து நமக்கு விட்டுச்சென்ற குடை. அந்தக் குடையைக் களிம்பால் கிழிக்கப் பார்க்கிறோம். வெளுக்க வைக்கும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் இருந்து, சிறுநீரகம் கெட்டவர்களும் உண்டு. தோலின் நலம் வேறு, நிறம் வேறு. நலமான கருந்தோல் உண்டு; நோயுற்ற வெண்தோலும் உண்டு.

நம் மகளின் கதைக்கு முடிவு சொல்ல வேண்டும். களிம்பை நிறுத்தியபோது முகம் முன்னிலும் சிவந்து எரிந்தது. பொறுத்திரு, பழைய குழாயைத் தொடாதே என்று அம்மையார் எச்சரித்திருந்தார். ஓராண்டுக்கு அருகில் ஆயிற்று, முகம் அடங்க. அந்த ஓராண்டில் ஓரிரவு அவள், "அப்பா, அன்றைக்கு அத்தை சொன்னதைவிட நீங்கள் சிரித்ததுதான் எனக்கு வலித்தது" என்றாள். அன்பர்களே, நாம் அவளுக்கு வாங்கிக் கொடுத்தது களிம்பு மட்டுமன்று. அதைத் தடவ வேண்டிய காரணத்தையும் நாமே கொடுத்தோம்.

இவ்வாண்டு தமக்கையார் நம் வீட்டிற்கு வந்திருந்தார். பழைய பழக்கத்தில், "பிள்ளை கறுப்பாகவே இருக்கிறாளே" என்றார். "ஆமாம் அக்கா, அது நம் அம்மாவின் நிறம்" என்றோம். தமக்கையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஆமாம், அம்மாவின் சாயல்தான்" என்று சொல்லி அவளை அருகில் அழைத்துத் தலை வாரிவிட்டார்.

இன்று விழாவில் நடனமாடிய சிறுமியர் பலர் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். வீட்டுக்குச் சென்றதும் அவர்களிடம், நன்றாக ஆடினாய் என்று சொல்லுங்கள். நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாதீர்கள். அலமாரியைத் திறந்து பாருங்கள்; பாதி தீர்ந்த குழாய் ஏதேனும் கிடந்தால், அதனைத் தூக்கி எறியுங்கள். முகத்தில் நெடுநாள் தடவியிருந்தால் மட்டும், அக்குழாயோடு மருத்துவரிடம் செல்லுங்கள்.